முதலாளி வெளியே நின்ற கூட்டம்

இங்கே நெதர்லாந்தில் திங்கட்கிழமை என்றாலே எனக்கு ஆகாது. எங்கள் மேலாளர் ஆனெக்கெ என்கிற பெண்மணி காலைக் கூட்டத்தில் எல்லாருக்கும் தன் கையால் காபி ஊற்றிவிட்டு, "என் திட்டத்தில் எது தப்பு?" என்று கேட்பார். வந்த புதிதில், "ஒன்றுமில்லை, நல்ல திட்டம்" என்பேன். நான் மரியாதையாகச் சொன்னேன். அவரோ, நான் எதையும் படிக்காமலே வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்.

நான் தொழில் பழகிய இடம் அப்படி. ஈக்காட்டுத்தாங்கலில் மோட்டார் சைக்கிள் இன்ஜினுக்கு ரப்பர் வளையம் செய்யும் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தேன். முதலாளி நடராஜன் நல்ல மனுஷர். ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான். அவர் எதிரே தலையாட்டுவோம், டீக்கடைக்குப் போய்க் கிழித்துத் தொங்கவிடுவோம். பெட்ரோல் வண்டி மட்டுமே ஓடிய காலத்தில் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

போன விடுமுறையில் மயிலாப்பூர் வீட்டுக்கு வந்திருந்தபோது முதலாளியே கூப்பிட்டார். மின்சார வண்டியின் பேட்டரிப் பெட்டிக்கு வளையம் கேட்டு ஆர்டர் வந்திருந்தது. செய்து பார்த்த மாதிரி வளையங்கள் எல்லாம் தண்ணீரை உள்ளே விட்டன. அந்த வேலை பிடிபட்டவள் பிரஸ் மெஷினில் நிற்கும் பட்டினப்பாக்கத்துச் செல்வி ஒருத்திதான். அவளோ வேறு கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் போனால் ஆர்டரும் போய்விடும், பட்டறையையும் மூட வேண்டியதுதான்.

நான் பெரிய ஐரோப்பிய மேதாவியாக, "ஆட்களையே கேளுங்க சார்" என்றேன். எல்லாரையும் கூட்டி வைத்துக் கேட்டார். எல்லாரும் தலையாட்டிவிட்டு மெஷினுக்குத் திரும்பினார்கள். வெளியே செல்வியைப் பிடித்தேன்.

"அவரே கேட்டாரே, ஏன் சொல்லலை?"

"இன்னா சார் நீ, அங்க போயி எல்லாம் மறந்துட்டியா? அவரு மெஷின்ல வெச்ச சூட்டுலதான் ரப்பரு கெடுது. மூஞ்சிக்கு நேரா அத்த சொன்னா, நாளிக்கே மெஷின வுட்டு தூக்கி பேக்கிங்ல போட்ருவாரு."

அவள் பேரை எடுக்காமல், "நீங்க இருந்தா பேச மாட்டாங்க சார்" என்று மட்டும் அவரிடம் சொன்னேன். முகம் சுருங்கிப்போயிற்று. மறுநாள் காலை எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டு, "பேசுங்க, நான் வெளிய நிக்கிறேன்" என்று தெருவுக்குப் போய் வெயிலில் நின்றுவிட்டார். நான் வாசலில், பாதி உள்ளே பாதி வெளியே. முதலில் முணுமுணுப்பு, பிறகு ஒரே கூச்சல்.

"என் பேரு அடிபடுதா?" என்று தெருவிலிருந்து கேட்டார்.

"அடிபடுது சார்."

"பேசட்டும். நடுவுல பூந்து நிறுத்தாத."

கூட்டம் கலைந்ததும், சூடுதான் கோளாறு என்று எல்லாரும் சொன்னதை அவரிடம் சொன்னேன். அன்றிலிருந்து மெஷினுக்கு எவ்வளவு சூடு என்று முடிவு செய்வது செல்வியின் பொறுப்பு. அடுத்துச் செய்த மாதிரி வளையம் தண்ணீரை விடவில்லை, அவளும் போகவில்லை. முகத்துக்கு நேரே கேட்க நெதர்லாந்தில் துணிச்சல் வேண்டாம். எங்கள் ஊரில் முதலாளி எழுந்து வெளியே போகத்தான் துணிச்சல் வேண்டியிருக்கிறது.

திரும்பி வந்த திங்கட்கிழமை ஆனெக்கெ வழக்கம்போலக் கேட்டார். தப்பு எது என்று எனக்குத் தெரிந்திருந்தது, சொல்லவும் வாய் திறந்தேன். ஆனால் அவர் எழுந்து வெளியே போவார் என்று என் கண் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் காபியோடு என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.