அசையாமல் நின்றவள்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாராளமாகப் புரட்டிவிடலாம். எனக்கு வருத்தமில்லை. இது என் மனைவியின் தங்கைக்கு நடந்தது. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். கரப்பான் பூச்சியை மீசையைப் பிடித்துத் தூக்கி வெளியே எறிகிற ரகம். அப்படிப்பட்டவள் இதைச் சொல்லி முடித்தபோது, குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் டம்ளர் அவள் பல்லில் மோதிக் கடகடவென்று ஆடியது. அதைப் பார்த்த பிறகுதான் நானும் நம்பினேன்.

அவள் தொழில் கொஞ்சம் விசித்திரமானது. பழங்கால நாகரிகங்களைப் பற்றிப் படிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு சரித்திர டீச்சர் இணையத்தில் தளம் ஒன்று நடத்துகிறார். பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் ஒரு கல்லறைக்குள் நுழையலாம். கோட்டைச் சுவரைச் சுற்றி வரலாம். ஆயிரம் வருடத்துப் பானையைக் கவிழ்த்து அடியைப் பார்க்கலாம். அதற்கெல்லாம் படமெடுத்துக் கொடுப்பவள் சின்னவள்.

ஓர் அறையைச் சுற்றிச் சுற்றி நடந்து நூற்றுக்கணக்கில் புகைப்படம் எடுப்பாள். கம்ப்யூட்டர் அத்தனையையும் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே நடமாடக்கூடிய முழு அறையாகக் கட்டிவிடும். நடுவில் யாராவது குறுக்கே போனாலும் கவலையில்லை. எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருப்பதை மட்டும்தான் கம்ப்யூட்டர் நம்பும். அசைகிறவர்கள் தானாகவே காணாமல் போய்விடுவார்கள்.

அசையாமல் நிற்பது மட்டும் மாட்டிக்கொள்ளும்.

அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. எழுநூறு வருடங்களுக்கு முன் மண்மூடிப் போன ஓர் ஊரிலிருந்து, ஒரு வீட்டின் அறையைக் கல் கல்லாகப் பெயர்த்து வந்து கூடத்துக்குள் அப்படியே அடுக்கி வைத்திருந்தார்கள். ஓர் அடுப்பு. மூலையில் ஒரு தானியக் குதிர். ஆள் அகலத்துக்குப் பருமனான மூன்று சுவர்கள். நான்காவது பக்கம் திறப்பு. அங்கே கயிறு கட்டி, பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு போட்டிருந்தது.

சின்னவளின் ஏழு வயது மகளுக்கும் அன்று பள்ளி இல்லை. கணவருக்கு ஆஸ்பத்திரியில் பகல் ஷிஃப்ட். வேறு வழியில்லாமல் குட்டியையும் கூட்டிப் போயிருந்தாள்.

"பெஞ்சை விட்டு எறங்கினே, பிச்சுடுவேன்."

"அசையுறவங்க படத்துல வரமாட்டாங்கன்னு நீதானம்மா சொன்ன. அப்ப நான் ஆடினா உனக்கென்ன?"

வாசலில் நின்ற வாட்ச்மேன் சிரித்தார். "வக்கீலுக்குப் படிக்க வைங்கம்மா. ஃபீஸ் வீணாகாது."

ஒரு மணி நேரம் போயிருக்கும். சின்னவளுக்கு ஏதோ உறுத்தியது. என்ன என்று பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று.

சத்தமே இல்லை.

குட்டி இருக்கும் இடத்தில் சத்தம் இல்லாமல் இருந்ததே கிடையாது. திரும்பினாள். குட்டி பெஞ்சின் மேல் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கைகளும் பக்கவாட்டில் தொங்க, குதிர் இருந்த மூலையையே பார்த்தபடி. இமைகூட ஆடவில்லை. பிறகு தள்ளாடி, தொப்பென்று உட்கார்ந்தாள்.

"போச்சு. தோத்துட்டேன்."

"என்னடி விளையாட்டு?"

"சிலை விளையாட்டு. அவங்க அசையவே மாட்டேங்கிறாங்கம்மா."

"யாரு, வாட்ச்மேன் மாமாவா?"

குட்டி மறுபடி பெஞ்சில் ஏறி நின்றாள். பிள்ளை தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும் என்று சின்னவளும் விட்டுவிட்டாள். இன்றைக்கும் அவள் தலையில் அடித்துக்கொள்வது இதை நினைத்துத்தான்.

மாலையில் வீட்டுக் கம்ப்யூட்டர் அந்த அறையைக் கட்டத் தொடங்கியது. முதலில் புள்ளிகள்... பிறகு சுவர்... அடுப்பு... குதிர். குதிருக்குப் பக்கத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி.

இது சகஜம்தான். வெளிச்சம் சரியில்லாவிட்டால் கம்ப்யூட்டர் குழம்பிப்போய் இப்படி எதையாவது உருட்டி வைக்கும். துல்லியத்தைக் கூட்டினாள்.

கட்டிக்குத் தோள் வந்தது.

இன்னும் கூட்டினாள்.

தலை வந்தது. முகம் மட்டும் மெழுகிவிட்டது போல வழவழப்பாக இருந்தது. ஆனால் அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது தெரிந்தது.

பெஞ்சு இருந்த பக்கம்.

எடுத்த புகைப்படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். குதிர் இருந்தது. பக்கத்தில் வெறும் சுவர். அடுத்த படம்... வெறும் சுவர். ஒரு படத்தில்கூட அந்த உருவம் இல்லை. எதிலுமே இல்லாத ஒன்றைக் கம்ப்யூட்டர் எங்கிருந்து எடுத்து ஒட்டியது?

டீச்சருக்குப் போன் போட்டாள்.

"டீச்சர், ஒரு தப்பு விழுந்திருக்கு. திரும்ப எடுக்கணும்."

"வெள்ளிக்கிழமை நாப்பது ஸ்கூல் பாக்கப் போகுதும்மா. தப்பை அழிச்சுட்டு அனுப்பு."

"ஆள் மாதிரி இருக்கு டீச்சர்."

"வாட்ச்மேனா இருக்கும். அந்த மனுஷன் நின்னுக்கிட்டே தூங்குவாரு."

சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அழித்துவிட்டு அனுப்பினாள்.

மறுநாள் மாலை நாலு மணி. கோளாறு கேமராவில்தானா என்று பார்த்துவிடலாம் என, தன் வீட்டு ஹாலையே சுற்றிச் சுற்றிப் படமெடுத்தாள். உள் அறையில் டிவி அலறிக்கொண்டிருந்தது. குட்டி ஸ்கூல் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"குறுக்க வராத. போய் டிவி பாரு."

போனாளா என்று சின்னவள் கவனிக்கவில்லை. கண் முழுக்கக் கேமரா காட்டிய வெளிச்ச அளவில் இருந்தது; குறுக்கே யார் நின்றாலும் கண்டுகொள்ளாமல் எடுப்பது அவள் பழக்கம். அரை மணி நேரத்தில் வேலையை முடித்து, பக்கத்து அறைக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

சோபா வந்தது. ஜன்னல் வந்தது. செருப்பு ஸ்டாண்டு வந்தது.

அதன் பக்கத்தில் குட்டி.

சுவரைப் போலத் துல்லியமாக. யூனிஃபார்மின் கட்டங்களை எண்ணிவிடலாம். இத்தனை வருடத்தில் எந்தப் பிள்ளையும் இப்படி மாட்டியதில்லை. இவ்வளவு தெளிவாக விழ வேண்டுமானால், அந்த அரை மணி நேரமும் குட்டி மூச்சுக்குக்கூட அசைந்திருக்கக் கூடாது.

படத்தை மெல்லத் திருப்பினாள்.

குட்டிக்குப் பின்னால்... சாம்பல் நிறம்.

அதே தோள். அதே தலை. இந்த முறை ஒரு கை நீண்டிருந்தது. குட்டியின் கையை நோக்கி. நடுவில் ஒரு விரற்கடைதான் இடைவெளி.

டிவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

"குட்டி?"



நாற்காலியைத் தள்ளிவிட்டுத் திரும்பினாள். கதவு வழியாக ஹால் தெரிந்தது.

குட்டி இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

பின்னால் வெறும் சுவர்.

சின்னவள் ஓடிப்போய் அவள் கன்னத்தைத் தொட்டாள். ஐஸ். தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. பதினெட்டு கிலோப் பிள்ளை... தரையோடு வைத்துக் கட்டியது போல நின்றாள். உதடு மட்டும் லேசாக அசைந்தது.

"தொடாதம்மா. இந்தத் தடவை நான்தான் ஜெயிப்பேன்."

"ஜெயிச்சா... என்னடி?"

"கூட்டிட்டுப் போவாங்க."

"தோத்தா?"

"தோத்தா இங்கயே இருக்கணும்."

சின்னவள் மண்டியிட்டாள். என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. கை தானாகப் போயிற்று.

குட்டியின் விலாவில் கிச்சுகிச்சு மூட்டினாள்.

ஒன்றுமில்லை. விலா கல்லாக இருந்தது.

கழுத்தில் மூட்டினாள். அக்குளில் மூட்டினாள். "கிச்சு கிச்சு... சிரிடி... என் தங்கம்ல, சிரிடி..." அழுதுகொண்டே மூட்டினாள்.

கழுத்துக்குப் பின்னால் முடி சிலிர்த்தது. யாரோ ரொம்பப் பக்கத்தில்...

நிமிரவில்லை. மூட்டினாள்.

"க்ளுக்."

குட்டி சிரித்துவிட்டாள். உடம்பு துவண்டு அம்மாவின் தோளில் சாய்ந்தது. "போம்மா... தோக்கடிச்சுட்ட..."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ஸ்ஸ்ஸ்... ஹ்ஹா...

வெகு நேரமாக அடக்கி வைத்திருந்த மூச்சை யாரோ விட்ட சத்தம்.

குட்டியுடையது இல்லை. சின்னவளுடையதும் இல்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள். கணவர் வரும்வரை எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். குட்டியின் கையில் சூடு திரும்ப இரவாகிவிட்டது. அந்தப் படத்தை அதன் பிறகு அவள் திறக்கவில்லை. கணவர்தான் அழித்தார். அவரும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அருங்காட்சியக அறை தளத்தில் ஏறியது. நானும் போனில் சுற்றிப் பார்த்தேன். குதிர், அடுப்பு, சுவர். வேறொன்றும் இல்லை.

ஒரு வாரம் கழித்து, அருங்காட்சியகத்தின் அனுமதி அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனாள் சின்னவள். அதிகாரி அறையில் தயங்கித் தயங்கி, அந்தக் குதிர் மூலையைப் பற்றி மட்டும் கேட்டாள். வேறெதுவும் சொல்லவில்லை.

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பிள்ளைங்க வர்ற இடமாச்சேன்னு இதைப் பலகையில எழுதலம்மா. அந்தச் சுவரைப் பிரிச்சப்ப உள்ள பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பொந்து இருந்துச்சு. பெரிய பொந்துல ஒரு பொம்பளையோட எலும்புக்கூடு. நின்னமேனிக்கு. உசுரோட நிக்க வெச்சுப் பூசியிருக்காங்க. ஏன்னு தெரியல."

"சின்னதுல?"

"காலி. உள்பூச்சுல ஒரு பிள்ளையோட உள்ளங்கை அச்சு மட்டும் இருந்துச்சு. ஏழெட்டு வயசு இருக்கலாம். மூடறதுக்குள்ள யாரோ வெளிய இழுத்துட்டாங்க போல."

சின்னவள் எழுந்துவிட்டாள். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"ரெண்டு பொந்துக்கும் நடுவுல ஒரு துவாரம். அந்தப் பொம்பளையோட கை அது வழியா சின்னப் பொந்துக்குள்ள நீண்டிருந்துச்சு. அஞ்சு விரலும் எதையோ இறுக்கிப் பிடிச்ச மாதிரி மூடியிருந்துச்சு. என்னமோ இருக்குதுன்னு ஒவ்வொரு விரலாப் பிரிச்சுப் பார்த்தோம்..."

"என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லம்மா."