‘மோசம்’ என்றே போட்டேன்

அம்பத்தூர் எஸ்டேட்டில், லேத் பட்டறைகளுக்கு நடுவே கண்ணாடி மாட்டிய ஒரு கட்டடத்தில் எங்கள் ஆபீஸ். இணையதளங்களை வடிவமைப்பது என் வேலை. மளிகை, புடவை, டிராவல்ஸ் என்று எதை எதையோ செய்துகொண்டிருந்த எங்களுக்கு ஒருநாள் உருப்படியான வேலை ஒன்று வந்தது. நோயாளிகளுக்காக இயங்கும் ஓர் அமைப்பு, இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளிடமிருந்து விவரங்களை வாங்கி, டாக்டர்களை வைத்துச் சரிபார்த்து வைத்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை பேருக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்தது, எத்தனை பேர் வீட்டுக்குப் போன கையோடு திரும்பி வந்து படுத்தார்கள், கூப்பிட்டால் நர்ஸ் வருகிறாரா, இப்படி. ஜனங்கள் அதைப் பார்த்து ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு ஓர் இணையதளம்.

ஆபீஸில் கூடிப் பேசி எல்லாவற்றையும் பட்டைப் படமாகப் போட்டோம். ஓர் ஆஸ்பத்திரிக்கு ஒரு பட்டை. எண் கூடினால் பட்டை நீளும். “நல்லது கெட்டது நாம சொல்லக் கூடாது, எண்ணை மட்டும் காட்டுவோம்” என்றார் மேனேஜர். சீழ் பிடிக்கும் கணக்குக்குக் கீழே மட்டும் ‘குறைவாக இருப்பது நல்லது’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தோம். அது போதும் என்று நானும் நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா ஆவடியில் இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சர்க்கரை வேறு உண்டு, சின்னக் கீறல் பட்டாலே ஆறுவதற்குள் படுத்திவிடும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று குழம்பிக்கொண்டிருந்தவளுக்கு, இன்னும் வெளியிடாத எங்கள் தளத்தின் லிங்க்கை அனுப்பினேன். தங்கச்சி செய்த வேலை என்று பார்க்கட்டுமே என்ற பெருமையும்தான்.

மறுநாள் மத்தியானம் போன் செய்தாள். குரலில் ஒரு நிம்மதி.

“பாத்துட்டேன்டி. பூந்தமல்லி பக்கம் இருக்குற ஆஸ்பத்திரியிலேயே தேதி வாங்கிட்டேன். தையல் விஷயத்துல அதுதான் ஃபர்ஸ்ட்.”

“எப்படிக்கா ஃபர்ஸ்ட்டுங்கிற?”

“அதான், மத்த எல்லாத்தையும் விட அதோட பட்டை நீளமா இருக்கே.”

“அக்கா, அது சீழ் பிடிக்கிற கணக்கு. அங்கதான் ரொம்ப அதிகம்.”

“அப்ப எதுக்குடி அதைப் போய் நீளமா வரைஞ்சு வெச்சிருக்கீங்க? அறிவு வேணாம்?” என்று கத்தினாள். அன்றைக்கே அந்தத் தேதியை ரத்து செய்தாள்.

அவள் மேல் எனக்குத் துளிக்கூடக் கோபம் வரவில்லை. எல்.கே.ஜி.யிலிருந்தே மார்க்கைக் காட்டி வளர்க்கப்பட்ட ஜனங்கள் நாம். ரிசல்ட் வந்தால் பள்ளிக்கூட வாசலில் ஃபிளெக்ஸ் பேனர் கட்டுவோம், கல்யாணத்துக்குப் போன இடத்தில் அடுத்தவர் பிள்ளையின் மார்க்கைக் கேட்போம். எண் என்று ஒன்றைக் கண்ணில் காட்டினால் அதிகம்தான் நல்லது நமக்கு. பேப்பர் திருத்தித் திருத்தியே கண்ணாடி போட்டவள் பட்டையை வேறு எப்படிப் பார்ப்பாள்? கோபமெல்லாம் அந்தப் பொடி எழுத்து வரி மேலும், அதை நம்பிய எங்கள் மேலும்தான்.

இருந்தாலும் அக்கா ஒருத்தியை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று, காலையில் திருநின்றவூரில் ரயில் ஏறியதும் லேடீஸ் பெட்டியில் போனை நீட்டினேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிற ஓர் அம்மா, தினமும் பார்க்கிற முகம், குனிந்து பார்த்தார்.

“இன்னாம்மா இது, பிளஸ் டூ ரிசல்ட்டா?”

“ஆஸ்பத்திரிங்கம்மா. ஆபரேஷன்னா எதுக்குப் போவீங்க?”

யோசிக்கவே இல்லை, நீளமான பட்டையைத் தொட்டார். பக்கத்தில் கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கவிட்டிருந்த பெண்ணும் அதையே தொட்டாள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

ஆபீஸ் போய்ப் பட்டைகளைத் தூக்கி எறிந்தேன். ‘அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய தொற்று விகிதம்’ என்ற தலைப்பையும் எறிந்தேன். ‘தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறார்களா?’ என்று கேள்வியாகப் போட்டு, ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் நேராக ஒரே ஒரு சொல்: நல்லது, சுமார், மோசம். நல்லது மேலே, மோசம் அடியில். எண் வேண்டும் என்கிறவர் சொல்லைத் தொட்டால் எண் தெரியும். அடுத்த முறை ரயிலில் அந்த அம்மாவிடம் காட்டியபோது, “ஐய, இதுக்கா போவாங்க? மோசம்னு போட்டுக்கீதே. நான் மேல கீறதுக்குத்தான் போவேன்” என்றார். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

மேனேஜருக்குப் போதவில்லை. வெளியிடும் முன்பு அமைப்பினர் பக்கத்தை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிக் காட்டினார்கள். பூந்தமல்லிக்காரர்கள் கொதித்துப்போய் ஓர் அதிகாரியை எங்கள் ஆபீஸுக்கே அனுப்பிவிட்டார்கள். மீட்டிங்கில் ஒரு பக்கம் அவர், எதிரே அமைப்பின் சார்பில் ஒரு பெண் டாக்டர், நடுவில் மேனேஜர், ஓரத்தில் நான்.

“மோசம்ங்கிறது அவமானப்படுத்துற வார்த்தை” என்றார் அதிகாரி.

மேனேஜர் உடனே பணிந்தார். “‘முன்னேற வாய்ப்புள்ளது’ன்னு மாத்திடலாமா?”

நான் சிரித்துவிட்டேன், அடக்க முடியவில்லை. “சார், வயித்துல சீழ் வெச்சுப் படுத்திருக்கிற பொம்பளைகிட்டப் போய் முன்னேற வாய்ப்பிருக்குன்னு சொல்லுவீங்களா?”

சீரியஸான கேஸ்கள் எல்லாம் தங்களிடம்தான் வருகின்றன, அதனால்தான் எண் கூடுகிறது என்றார் அதிகாரி. நியாயமான பேச்சுதான். ஆனால் அதையும் கழித்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறோம் என்று பெண் டாக்டர் அமைதியாகச் சொன்னார். பேச்சு அங்கே அடைபட்டதும் அதிகாரி வேறு பக்கம் திரும்பினார்.

“பழையபடி பட்டையே போடுங்க. படிச்சவங்களுக்குப் புரியும். படிக்காதவங்களுக்கு ஒரு விளக்கப் பக்கம் வெச்சிடுங்க.”

“எங்க அக்கா கணக்கு டீச்சர் சார். உங்க பட்டையைப் பாத்து நீங்கதான் ஃபர்ஸ்ட்டுன்னு உங்ககிட்டயே தேதி வாங்கினாங்க.”

அவர் முகத்தில் முதலில் ஒரு சந்தோஷம் வந்தது. விஷயம் புரிந்ததும் அது போய்விட்டது.

மேனேஜர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். நல்ல மனுஷர்தான், பயந்த மனுஷர். “உங்க அக்காவுக்குத்தான் விஷயத்தைச் சொல்லிட்டீங்களேம்மா. அவங்க தப்பிச்சாச்சு. அப்புறம் உங்களுக்கு என்ன பிடிவாதம்?”

“எல்லாருக்கும் இந்த ஆபீஸ்ல ஒரு தங்கச்சி இருக்காளா சார்?”

மாற்ற வேண்டுமானால் வேறு ஆளை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள், நான் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். இவர் என்னை அனுப்பிவிட்டால் வாடகைக்கு என்ன செய்வது என்றெல்லாம் ஓடியது. ஓடினால் ஓடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். சொல் அப்படியே இருக்கட்டும், எங்கள் பொறுப்பு என்று பெண் டாக்டர் முடித்துவைத்தார். தளம் வெளியானது.

என்னை மறுபடி புடவைக் கடையின் தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். பார்டரைப் பெரிதாக்கு, ஜரிகையை மினுக்கு என்று பொழுது போகிறது. அதற்காக நான் வருத்தப்படுவேன் என்று மேனேஜர் எதிர்பார்த்திருந்தால் அது அவர் பாடு. அக்கா, மேலே ‘நல்லது’ என்றிருந்த ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டாள். சர்க்கரை இருந்தும் தையல் சுத்தமாக ஆறிவிட்டது. இப்போது தளத்தில் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று குறை சொல்கிறாள்.

பூந்தமல்லி அதிகாரி மட்டும் விடவில்லை. போன வாரம்கூட எங்கிருந்தோ என் நம்பரைப் பிடித்துக் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். அந்தச் சொல்லை எடுக்க யாரைப் பார்க்க வேண்டும், யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டார்.

“யாரையும் பாக்க வேணாம் சார்” என்றேன். “அந்தச் சொல்லை நாங்க யாரும் டைப் பண்றதில்ல. நீங்க அனுப்புற கணக்கைப் பாத்து அதுவா விழுது. உங்க ஆஸ்பத்திரியில சீழ் பிடிக்கிறது குறையட்டும், அதுவா போயிடும்.”