நரம்பை விடச் சொன்னவர்

செஞ்சிக்குப் பக்கத்தில், சங்கராபரணி ஆற்றுத் தடுப்பணையில் என்னோடு தூண்டில் போட வருபவர் அவர். மீன் பிடிக்கும்போதும் ஹெல்மெட்டைக் கழற்றமாட்டார். யாரோ வீசிய தூண்டில் முள் ஒருமுறை கன்னத்தில் தைத்துவிட்டதாம். பேசுவதற்கு மட்டும் அதன் கண்ணாடியை மேலே தூக்குவார்.

அன்று என் தூண்டிலில் முழங்கையைவிட நீளமான ஒரு விரால் மாட்டியது. நைலான் நரம்பு விறைத்து, கோல் வளைந்து தண்ணீரைத் தொட்டது.

"வுடு சார், நரம்ப வுடு! இழுத்துப் புடிச்சா அறுத்துக்கும்!" என்று பின்னாலிருந்து கத்தினார்.

அவரை நம்பி நரம்பைத் தளர விட்டேன். தளர்ந்த நரம்போடு மீன் பாறை இடுக்கில் புகுந்து, அறுத்துக்கொண்டு போனது.

"போனது போச்சி. வாயில முள்ளு இருக்குது, இனிமே அது இரை தொடாது. வேற எடம் பாரு சார்," என்றார்.

மறுநாள் காலையில், மறந்து வைத்த துண்டை எடுக்கப் போனேன். அதே பாறையருகே அவர் ஒரு விராலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நரம்பை ஒரு நொடிகூடத் தளர விடாமல் இழுத்துக் கரையில் போட்டார். அதன் உதட்டில், நான் சிவப்பு நூல் சுற்றிக் கட்டிய என் முள்.

"என்ன மட்டும் ஏண்ணா வுடச் சொன்னீங்க?"

அவர் என் முள்ளைப் பதமாகக் கழற்றி, லுங்கியில் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தார்.

"உன்னுது சார். பாத்து, குத்திக்கப் போற."

கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். அந்தக் குரலில் இருந்த அக்கறை பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.