மைக்குக் கீழே பென்சில்

எந்தக் கோப்பைத் திறப்பதற்கு முன்னாலும் அவர் அதன் அட்டைமேல் விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டுவார். ஆவணக் காப்பகத்தின் வாசிப்பு அறையில் பல வருஷமாக எல்லாரும் பார்த்துச் சலித்த பழக்கம் அது. தட்டிவிட்டு, உள்ளேயிருந்து யாராவது "வாங்க" என்று சொல்லட்டும் என்பதுபோலக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். பிறகுதான் நாடாவை அவிழ்ப்பார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். விடுப்பு கிடைத்த நாளெல்லாம் காப்பகத்துக்கு வந்துவிடுவார். நகக்கண்ணில் கிரீஸ் அப்பியிருக்கும் என்பதால், நடைபாதையில் இருக்கும் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவி, பள்ளிக்கூடப் பிள்ளைபோல இரண்டு கையையும் விரித்துக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். அவர் தேடி வந்தது ஒன்றே ஒன்றைத்தான்: தன் குடும்பப் பெயர். கோர்ட்டு வழக்கோ, கப்பல் பயணிகள் பட்டியலோ, சிறைப் பதிவேடோ, பல்கலைக்கழக ஆய்வேடோ, எதில் அந்தப் பெயர் இருந்தாலும் அது அவர் சொத்து.

"நம்ம சித்தப்பா ஒருத்தர் குதிரை திருடி உள்ளே போயிருக்கார். நல்ல குதிரையாத்தான் இருந்திருக்கும்" என்பார். "மீன் வயித்துல இருக்கிற புழுவைப் பத்தி இத்தனை தண்டிக்கு எழுதியிருக்கா நம்ம அத்தை. பாவம், கல்யாணம் ஆச்சா இல்லையான்னு ஒரு பக்கத்துலயும் போடலை."

செத்தவர்களையெல்லாம் ஒருவருக்கொருவர் முடிச்சுப் போட்டு வைத்ததால் ஊழியர்கள் அவருக்குச் சம்பந்தி என்று பெயர் வைத்தார்கள். அவரும் அதைப் பட்டம்போல ஏற்றுக்கொண்டார்.

அவரைப் பிடிக்காத ஒரே ஆள், அட்டவணைப் பிரிவில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண். அவள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவள் அவள் ஒருத்திதான். பட்டம் கைக்கு வந்த அன்றே அவள் அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் அலுவலகத்துக்குப் போன் போட்டு, "எங்க பட்டதாரி இருக்காளா?" என்று கேட்டாள். போனை எடுத்தவர் வாசல் காவலாளி. அப்புறம் என்ன, அங்கேயும் அவள் பட்டதாரிதான்.

சேர்ந்த முதல் நாள் அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைச் சம்பந்தி எட்டிப் பார்த்தார். குடும்பப் பெயர் இருந்த இடத்தில் அதே பெயர்.

"அட, நம்ம பொண்ணு! அப்ப நான் உனக்குப் பெரியப்பா முறை."

"சார்னே கூப்பிடறேன், சார்."

"சாரெல்லாம் வெளியாளுக்கு."

"நீங்க வெளியாள்தான், சார்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவளுடைய அப்பாவின் அப்பா அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். அவருக்கு மேலே யாரென்று யாருக்கும் தெரியாது. இல்லாத உறவு ஒன்று திடீரென்று கையை நீட்டினால், அந்தக் கையில் என்ன இருக்கிறது என்றுதானே பார்க்கத் தோன்றும்? "ஓசியில் உறவு வந்தா, பின்னாலேயே செலவும் வரும்" என்பாள் அம்மா. எவ்வளவு படித்து என்ன, இந்த விஷயத்தில் மகள் அம்மாவைத் தாண்டவில்லை.

ஒருநாள் கண்காணிப்பாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற மனிதர் அவர். இப்போதும் துடைத்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். பேராசிரியர் ஒருவர் அந்தக் குடும்பப் பெயரை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தார். மாலுமி, மருத்துவர், கைதி, நில அளவையாளர், மீன்புழு ஆராய்ச்சிக்காரி எல்லாரும் பல தலைமுறையாகக் கிளைத்த ஒரே குடும்பம் என்பது அவர் வாதம். அதைப் புத்தகமாக்குவதற்காகத் திரும்ப வந்து பார்த்தால், ஆவணங்களில் வரும் ஆட்களுக்கு ஆளுக்கொன்றாக எழுதிவைத்த பெயர் அட்டைகளின் டிராயர் இளைத்திருந்தது.

"ஒரு கட்டு அட்டையையே காணோம். உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாது, சார்."

"உன் பேரும் அதுதானே?"

"ஆமா, சார்."

"அந்தச் சம்பந்தி உனக்கு உறவா?"

"இல்லை, சார்."

"அவர் அப்படிச் சொல்லலையே."

"அவர் கப்பலேறிப்போய்ச் செத்தவனையே மச்சான்னு சொல்றவர், சார்."

கண்காணிப்பாளர் சிரிக்கவில்லை. "உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதி வெச்சிருக்கேன். கையெழுத்துதான் பாக்கி. அட்டை கிடைக்கட்டும், பார்க்கலாம்."

வெளியே வந்ததும் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வேலை போனால் வீட்டில் அந்தப் பட்டம் வெறும் சட்டம் போட்ட படம். அதைவிட, திருடி என்ற பெயரோடு போனால்?

அன்றிலிருந்து அவள் சம்பந்தியைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். சந்தேகம் வந்த கண்ணுக்கு எல்லாமே சாட்சி. அவர் இருமினால் காகிதம் கிழியும் சத்தத்தை மறைக்கிறார். தண்ணீர் குடிக்கப் போனால் தடயத்தை ஒளிக்கப் போகிறார். கோப்பின்மேல் இரண்டு தட்டு? யாருக்கோ சைகை. வீட்டில் சாப்பிடும்போதுகூட அவள் அதையே யோசித்துக்கொண்டிருக்க, அம்மா சொன்னாள்: "சோத்தை ஏண்டி அப்படி முறைக்கிற? அது எதையும் திருடலை."

கடைசியில் கண்டுபிடித்தேவிட்டாள். சம்பந்தி அட்டை டிராயரை இழுத்தார். அதையும் தட்டிவிட்டுத்தான் இழுத்தார். ஒவ்வோர் அட்டையாக எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். சிலதைத் திரும்ப வைத்தார். ஒன்று மட்டும் சட்டைப் பையில் இறங்கியது.

நடைபாதைக் குழாயருகே அவரை மறித்தாள்.

"பாக்கெட்ல என்ன, சார்?"

"படிக்கிற கண்ணாடி."

"அது உங்க மூக்கு மேல இருக்கு."

அவர் மூக்கைத் தடவிப் பார்த்தார். அப்புறம் மெதுவாக அட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தார். ஓடவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. "சாய்ச்சுப் பாரு" என்றார்.

பார்த்தாள். அட்டை முழுவதும் நேராக மையில் எழுதியது. குடும்பப் பெயர் மட்டும் அப்படியில்லை. மைக்குக் கீழே பென்சில் கோடு மினுங்கியது. முதலில் பென்சிலில் எழுதி, பிற்பாடு யாரோ அதன்மேலேயே மையை ஓட்டியிருக்கிறார்கள்.

அந்த அலுவலகத்தில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுக்கும் பாடம்: உறுதியானதை மையில் எழுது, உறுதியாகாததைப் பென்சிலில் எழுது. அட்டை காட்டிய மூலப் பதிவேட்டை எடுத்து வந்து புரட்டினாள். குடும்பப் பெயருக்கான கட்டம் காலி. இன்னோர் அட்டைக்கு உரியதைப் பார்த்தாள். அதுவும் காலி. தொட்டிலில் விட்டுப்போன குழந்தை, காகிதம் இல்லாமல் கப்பலிலிருந்து இறங்கியவன், பெயர் சொல்ல மறுத்த கைதி. எல்லாம் காலி.

பிறகு நடைபாதைக்கே திரும்பி வந்து, குழாய்க்கு மேலே மாட்டியிருந்த பலகையை அண்ணாந்து பார்த்தாள். அங்கே வேலை பார்த்த பழைய அதிகாரிகளின் பெயர்கள். முதல் வரியில், முதன்முதலாக அட்டை எழுதிய எழுத்தர். அவர் பெயரும் அதே பெயர். சம்பந்தி அவரைக் கொள்ளுத்தாத்தா என்பார்.

நடந்தது இப்போது புரிந்தது. டிராயரில் அட்டைகள் குடும்பப் பெயர் வரிசையில் நிற்கும். பெயர் இல்லாத அட்டைக்கு நிற்க இடமில்லை. அதனால் அந்த எழுத்தர், உண்மைப் பெயர் தெரியும்வரைக்கும் இருக்கட்டும் என்று, தன் பெயரையே பென்சிலில் இரவல் கொடுத்திருக்கிறார். அவர் ஓய்வுபெற்றுப் போக, பின்னால் வந்த சுறுசுறுப்புக்காரர் ஒருவர் பென்சில் மங்குகிறதே என்று பொறுப்பாக மையால் எழுதிவிட்டார். அப்புறம் அந்தப் பெயரில்லாதவர்கள் சான்றிதழ் கேட்டு வந்தபோது, அட்டையைப் பார்த்து இதுதான் உன் பெயர் என்று கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். இரவல் பெயர் அலுவலக ஜன்னல் வழியாக வெளியே போய், கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, ஆய்வேடும் எழுதிவிட்டது.

சம்பந்தி குழாயடியிலேயே நின்றிருந்தார்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"பேராசிரியர் கட்டுரையைப் படிச்சதும் பெருமை தாங்காம மூலத்தை எடுத்துப் பார்த்தேன். காலி. சரி, ஒண்ணுதானேன்னு அடுத்ததைப் பார்த்தேன்." அவர் ஈரமில்லாத கையைத் துடைத்துக்கொண்டார். "லிஃப்ட் கதவு திறந்தா பெட்டி இருக்கும்னு நம்பிக் காலை வைக்கிறோம். வெறும் குழியா இருந்தா? நான் விழுந்தது போதும். அடுத்தவங்க விழ வேணாமேன்னு கதவைச் சாத்தினேன். தப்பா?"

"நீங்க கதவைச் சாத்தலை, சார். அந்தப் பென்சில் கோடுதான் அபாயம்னு எழுதியிருந்த பலகை. அதைப் பிடுங்கிட்டீங்க."

அவர் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினார்.

"உங்க குடும்பத்தைக் காப்பாத்த என் வேலையில கை வெச்சிருக்கீங்க. நானும் அதே பேரு. என்னைத்தான் சந்தேகப்படறாங்க."

"அதான் சொல்றேன், நீ நம்ம பொண்ணு…"

"வெறும் பேருதான், சார். வேற ஒண்ணும் இல்லைன்னு நீங்களே இப்பக் காட்டிட்டீங்க."

சொன்ன பிறகு அது தேவையா என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் வாயை விட்டுப் போனது போனதுதான். ஏதாவது பேசவேண்டுமே என்று, "எதைத் திறந்தாலும் முன்னாடி ஏன் தட்டறீங்க?" என்று கேட்டாள்.

"தொழில் பழக்கம். லிஃப்ட் குழிக் கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடி தட்டணும். உள்ளே யாராவது ஆள் இருக்கலாம் இல்லையா?"

அடுத்த முறை வந்தபோது ஸ்க்ரூ போட்டுவைக்கும் தகரப் பெட்டியில் அட்டைகளை அடுக்கிக் கொண்டுவந்தார். எண்ணெய்க் கறை படாமல் ஒவ்வொன்றையும் தாளில் சுற்றியிருந்தார். பட்டதாரி அவற்றைப் பேராசிரியர் கட்டுரையின் அடிக்குறிப்புகளோடு ஒத்துப் பார்த்தாள். எல்லாம் இருந்தன, ஒன்றைத் தவிர. அநாதை இல்லத்தில் வளர்ந்து பிறகு மில் வேலைக்குப் போன ஒருவரின் அட்டை. அவளுடைய தாத்தா.

"இது எங்கே, சார்?"

"அதுவா…" அவர் காலியான தகரப் பெட்டிக்குள் பார்த்தார். "வீட்டுல எங்கேயோ இருக்கும். தேடித் தர்றேன். அது உனக்கு நான் பட்ட கடன்."

அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. அதை அவள் கவனித்தாள்.

கண்காணிப்பாளரிடம் அட்டைகளைக் கொண்டுபோய் வைத்து, பென்சில் கதையையும் சொன்னாள். எடுத்தது யார் என்று கேட்டால் சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தாள். அவர் கேட்கவே இல்லை. பூதக்கண்ணாடியை வைத்து ஓர் அட்டையை நெடுநேரம் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"இதை வெச்சு நாமதானே இத்தனை காலம் சான்றிதழ் கொடுத்திருக்கோம்?"

"ஆமா, சார்."

"வெளியே சொல்லிட்டிருக்காதே." மேஜை டிராயரைத் திறந்து அவளுடைய நிரந்தர ஆணையை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். மையில்.

அது உழைப்புக்குக் கிடைத்த வேலையா, வாயை மூடக் கொடுத்த மிட்டாயா? அவளுக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. அட்டைகளை மட்டும் ஒன்றுவிடாமல் அதனதன் இடத்தில் வைத்தாள். அந்தக் கட்டுரையின் பிரதியில் ஓரமாக ஒரு வரி எழுதிப் பேராசிரியருக்கு அனுப்பினாள்: அட்டைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கவும். அவரிடமிருந்து பதில் வரவில்லை. புத்தகமும் வரவில்லை.

சம்பந்தி அதன்பிறகு வருவது குறைந்தது. வரும்போதெல்லாம் அவள் கேட்கும் முன்பே, "தேடிட்டே இருக்கேன்மா" என்பார். பிறகு வரவே இல்லை. ஒருநாள் ஓர் அம்மா அவருடைய வாசகர் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அவர் மனைவி.

"நெஞ்சு வலிங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளே முடிஞ்சிருச்சு" என்றவர், பட்டதாரியின் கழுத்திலிருந்த அடையாள அட்டையை உற்றுப் பார்த்தார். "நீதானாம்மா அது? 'என் தம்பி மக ஆபீஸ்ல பெரிய வேலையில இருக்கா'ன்னு பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் சொல்வார். நானும் எத்தனையோ தடவை கேட்டுட்டேன், உங்களுக்கு ஏதுங்க தம்பின்னு."

அது கேட்கிற நேரமில்லை என்று பட்டதாரிக்குத் தெரிந்தது. ஆனாலும் கேட்டாள், கேட்காமல் இருக்க முடியவில்லை. "வீட்டுல பழைய அட்டை ஒண்ணு… இத்தனை பெரிசுக்கு?"

"எல்லாத்தையும் ஒதுங்க வெச்சுட்டேன்மா. அப்படி ஒண்ணும் இல்லையே."

அந்த அட்டையில் பென்சில் இருந்ததா? இருந்து, அவள் பார்த்துவிடக் கூடாது என்று கிழித்துப் போட்டாரா? இல்லை, அது ஒன்றுதான் பென்சிலே இல்லாமல் முதலிலிருந்தே மையில் எழுதிய அசல் பெயரா? அந்தப் பொறாமையில் எடுத்து வைத்துக்கொண்டாரா? நல்ல மனுஷர் என்று நினைக்கத் தொடங்கினால், உடனே அவர் தகரப் பெட்டிக்குள் பார்த்த பார்வை ஞாபகம் வரும். திருடர் என்று நினைத்தாலோ, தாளில் சுற்றிய அட்டைகள் ஞாபகம் வரும்.

டிராயரிலிருந்து அட்டை இரவல் போனால், அந்த இடத்தில் வாங்கியவர் பெயர் எழுதிய மரத்துண்டு ஒன்றை வைப்பது அங்கே வழக்கம். தாத்தாவின் இடத்தில் ஒரு மரத்துண்டை வைத்தாள். சென்ற முறை தணிக்கைக்கு வந்தவர் அதை உருவிப் பார்த்தார்.

"வாங்கியவர், சம்பந்தி. என்னம்மா இது? யாருக்குச் சம்பந்தி?"

"அதான் சார் தெரியலை."

"திரும்ப வருமா?"

"தர்றேன்னு சொல்லியிருக்கார், சார்."

தணிக்கைக்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுத்த டிராயருக்குப் போனார். அவள் மரத்துண்டை வாங்கி அதே இடத்தில் செருகினாள். அது இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.