எல்லைக்கல்லுக்கு உள்ளே எட்டு நாள்

என் பெயர் வே. சிதம்பரநாதன். வயது ஐம்பது. சேலத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தர். ஓசூர் தாலுகாவின் தென்கோடி மலையூர்களைக் காண விரும்புவோருக்கு வழி, நேரம், செலவு ஆகியவற்றைப் பிழையின்றிச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆனால் ஆறு நாள் விடுப்பில் புறப்பட்ட நான் பன்னிரண்டாம் நாளில்தான் வீடு சேரப்போகிறேன். ஆதலால் அதன் காரணத்தையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

இருபத்தேழு ஆண்டுகளாகப் பதிவேடுகளில் ஊர்ப்பெயர்களை எழுதி வருகிறேன். அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் என்று எழுதும்போதெல்லாம் அங்கே மலை எந்தத் திசையில் இருக்கும், மாலை வெயில் எதன்மேல் விழும் என்று பேனா ஒரு கணம் நின்றுவிடும். இந்த 1955ஆம் ஆண்டுப் பங்குனியில் அதைப் பார்த்துவிடுவது என்று விண்ணப்பம் கொடுத்தேன்.

முதல் நாள் காலை ஆறு மணிக்குச் சேலத்தில் பஸ். கிருஷ்ணகிரி அறுபத்தெட்டு மைல். கட்டணம் இரண்டு ரூபாய் இரண்டணா. காவேரிப்பட்டினத்தருகே தென்பெண்ணையைக் கடக்கையில் ஆற்றில் நீரைவிட மணல்தான் மிகுதி. கரையெங்கும் மாந்தோப்பு, பிஞ்சுகள் இலைகளுக்குள் கண் திறவாமல் தொங்கின. கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, முப்பத்திரண்டு மைல், ஒரு ரூபாய், பிற்பகல் இரண்டுக்கு ஓசூர். வெயிலிலும் காற்றுக் குளிர்கிறது. பஸ் நிலையத்துத் தேநீர்க்காரர் என்னிடம் தமிழில் காசு வாங்கி, பக்கத்திலிருப்பவருக்குத் தெலுங்கில் சில்லறை கொடுத்து, அடுப்பைக் கன்னடத்தில் திட்டினார். மாலையில் குன்றின்மேலுள்ள கோயிலுக்குப் படியேறுங்கள். மைசூர் நாட்டு ஏரிகள் தட்டுத்தட்டாக ஒளிர்ந்து, ஒவ்வொன்றாக மங்குவதை அங்கிருந்து காணலாம். சத்திரத்தில் தங்க நாலணா.

மறுநாள் தேன்கனிக்கோட்டைக்குப் பதினாறு மைல், எட்டணா. அங்கிருந்து அஞ்செட்டிக்கு நாளொன்றுக்கு ஒரே பஸ். பிற்பகல் இரண்டுக்குப் புறப்படுகிறது. பதின்மூன்று மைலும் காடு. எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று ஓட்டுநரைக் கேட்டேன்.

“நாலு மணிக்கிப் போவும் சார். யானைக்கி அந்த டைம் தெரியாதுங்களே,” என்றார்.

நாலே முக்காலுக்குச் சேர்ந்தோம்.

மூன்றாம் நாள் நாட்றாம்பாளையத்துக்கு மாட்டுவண்டி. ஒன்பது மைல், மூன்று ரூபாய். வண்டிக்காரர் பெயர் மாதப்பன். நாட்றாம்பாளையத்தில் பிறந்து அஞ்செட்டியில் குடியேறியவர். மாலை ஆறு மணிவரை வண்டி என் வசம் என்று ஒரு தாளில் எழுதி அவருக்குப் படித்தும் காட்டினேன். அவர் தலையசைத்தார். மாடுகளோடு கன்னடத்திலேயே பேசினார். காரணம் கேட்டபோது, அவை மைசூர்ப் பக்கத்துச் சந்தையில் வாங்கியவை என்றார்.

ஏழாம் மைலில், புளியமரத்தடியில் மூன்று நடுகற்கள். ஒன்றில் வீரன் புலியைக் குத்துகிறான். புலியின் வால் அவன் தலைக்குமேல் குடைபோல் வளைந்திருக்கிறது. இலைநிழல் அசையும்போதெல்லாம் புலி மூச்சு விடுவதுபோல் இருந்தது. நான் தாளை எடுத்து வரையத் தொடங்கினேன். மாதப்பன் இருமுறை அருகில் வந்தார். இரண்டாம் முறை, “பொழுதோட திரும்பணும் சாமி,” என்றார். ஆறு மணிவரை என்று எழுதியிருக்கிறோமே என்றேன். அவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். நான் எழுந்தபோது நாலு மணி ஆகியிருந்தது. ஏன் திரும்பவேண்டும் என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

ஊரை நெருங்கும்போது ஐந்தரை. மலைகளின்மேல் மஞ்சள் வெயில், எங்கோ பறையொலி. மாதப்பன் முகம் மாறியது. வண்டியைப் பள்ளிக்கூடத்தருகே விட்டுவிட்டு, மடியிலிருந்த தேங்காயுடன் அம்மன் கோயிலுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது அவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

“கட்டிட்டாங்க சாமி,” என்றார்.

அன்று மாரியம்மனுக்குக் காப்புக் கட்டும் நாள். கயிறு கட்டும்போது ஊருக்குள் இருக்கும், அந்த அம்மனுக்கு உரிய குடியில் பிறந்தவர் எவரும் அதன்பின் எட்டு நாள் எல்லைக்கல்லைத் தாண்டி இரவு தங்கலாகாது. தாண்டினால் ஊருக்கே ஆகாது. மாதப்பனின் மகள் மாதம்மா தலைப்பிரசவத்துக்கு அஞ்செட்டி வந்திருக்கிறாள், நிறைமாதம், தாய் இல்லை. மருத்துவச்சி இருப்பது அங்கிருந்து ஐந்து மைலுக்கு அப்பால். நண்பகலுக்குள் மகளுக்காகத் தேங்காய் வைத்துவிட்டு, பறை முழங்குமுன் எல்லை தாண்டிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. என் நடுகற்கள் அதைக் கெடுத்தன.

ஊர்க்கவுண்டர் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டார். “உங்களுக்குக் கட்டு இல்லீங்க. காலைல வேற வண்டி பூட்டி அனுப்பறேன்,” என்றார். குற்றம் செய்த நான் போகலாம். செய்யாதவர் இருக்க வேண்டும். விதி என்றால் விதிவிலக்கும் இருக்குமே என்று கேட்டேன்.

“எங்க சட்டமா இருந்தா எழுத்த மாத்திடலாம். இது அவ சட்டம். அவளத்தான் கேக்கணும்,” என்றார் கவுண்டர்.

மாதப்பனின் கயிற்றை நான் கட்டிக்கொண்டு அவருக்குப் பதில் இருக்கிறேன் என்றேன். கூட்டத்தில் ஒருவர், “ஆபீசரு ரெண்டு நாள் களி தின்னா மூணாம் நாளு எல்லைக்கல்லயே தூக்கினு ஓடிடுவாரு,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மாதப்பன் சிரிக்கவில்லை.

அம்மனின் இரு தோள்களிலும் ஈரமான வெள்ளை அரளிப் பூ ஒட்டினார்கள். வலப்பூ விழுந்தால் சம்மதம். இடப்பூ விழுந்தால் இல்லை. கற்பூரம் எரிந்து அணைந்தது. என் கடிகாரத்தில் பதினொரு நிமிடம் பார்த்தேன்; பிறகு அதைப் பையில் போட்டுவிட்டேன். பணிக்காலம் முழுவதும் ஒருநாளும் விடுப்பு மீறாதவன் நான். அந்த வரி என் பணிப் பதிவேட்டில் அழியப்போவதை எண்ணினேன். இருந்தும், ஒரு வலத்தோளை அவ்வளவு ஆசையோடு நான் பார்த்ததில்லை. பூ விழுந்தது, வலப்பக்கம்.

பூசாரி மாதப்பனின் கயிற்றை அவிழ்த்து என் கையில் கட்டினார். ஊருக்குள் வந்த வண்டியும் மாடும் காப்பு அவிழும்வரை போகக்கூடாதாம். ஆகவே அவர் நடந்தே போகவேண்டும். விடுப்பு நீட்டிக்க வேண்டும், காரணம் பின்னர் எழுதுவேன் என்று அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி அவரிடம் தந்தேன்.

“மாட்டப் பாத்துக்கங்க சாமி. தமிழ்ல சொன்னா நிக்காது,” என்று சொல்லிவிட்டு, தீவட்டியுடன் வந்த, கட்டு இல்லாத இரண்டு வெளிக்குடி ஆட்களுடன் இருட்டில் இறங்கினார்.

அந்த எட்டு நாளை நாள்வாரியாக எழுத முயன்றேன், இயலவில்லை. அவை ஒன்றினுள் ஒன்று கரைந்து கிடக்கின்றன. பள்ளிக்கூடத்தில் படுக்கை. விடியலில் காட்டுத்தீயின் புகை மலையிடுக்குகளில் நீலமாகத் தேங்கி நிற்கும். அதனுள்ளிருந்து மாட்டுமணிகள் மட்டும் வரும், மாடுகள் பிறகு வரும். பகலில் இலவம்பஞ்சு காற்றில் மிதந்து பெண்களின் குடங்களில் இறங்கும். மாலைதோறும் பறை, கூழ், மஞ்சள்நீர். நான் எல்லைக்கல்வரை நடப்பேன். முழங்கால் உயரக் கருங்கல். அதற்கு அப்பால் அதே புல், அதே வெயில். ஆனால் ஆற்றின் மறுகரையைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

உணவு: கேழ்வரகுக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு, சாமைச்சோறு, கொள்ளு ரசம். களியை மெல்லக் கூடாது. குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். நான் முறைப்படி மென்றேன். கவுண்டரின் மனைவி சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, “அத மென்னுக்கினே இருந்தா காப்பு அவுத்துடுவாங்க,” என்றார். நான்காம் நாள் விழுங்கக் கற்றேன். மாடுகளுக்கான கன்னடத்தையும் கற்றேன்: ‘பா’ என்றால் வா, ‘நில்லு’ என்றால் நில்.

மாதப்பனிடமிருந்து செய்தியில்லை. கவுண்டர் எனக்கு ஒன்று சொல்லி வைத்திருந்தார். வீட்டில் பிள்ளை பிறந்திருந்தால் தீட்டு. மாதப்பன் ஊருக்குள் வரமாட்டார், கல்லுக்கு அந்தப் பக்கமே நிற்பார். சாவு நிகழ்ந்திருந்தாலும் அப்படித்தான்.

எட்டாம் நாள் மாலை கயிற்றை அவிழ்த்துக் கிணற்றில் விட்டார்கள். மறுநாள், அதாவது இன்று காலை, புகை விலகும்போது எல்லைக்கல்லுக்கு அப்பால் ஓர் உருவம் தெரிந்தது. கல்லைத் தாண்டவில்லை. நான் மாடுகளை அவிழ்த்தேன். ‘பா’ என்றேன், வந்தன. வண்டியைக் கவுண்டரின் ஆட்கள் பின்னால் தள்ளி வந்தார்கள். அந்த இருநூறு அடி தொலைவை நான் மாடுகளின் நடையில்தான் கடக்க வேண்டியிருந்தது. மாதப்பனின் முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. கல்லருகே ‘நில்லு’ என்றேன், மாடுகள் நின்றன. அவர் மாடுகளைப் பார்த்தார், பிறகு என்னை.

“பொண்ணு சாமி. ரெண்டும் பொழச்சிக்கிச்சு,” என்றார். மாட்டின் நெற்றியை வருடியபடி, “இங்கேர்ந்து போன அன்னிக்கி ராத்திரியே மருத்துவச்சிய இட்டாந்தேன். விடிய மூணு நாழி இருக்கச்சே பொறந்துச்சு. அன்னிக்கி நான் இல்லன்னா ஒண்ணும் மிஞ்சியிருக்காது,” என்றார்.

செல்ல விரும்புவோர் கவனிக்க: பங்குனியும் தையும் ஏற்ற காலம். அஞ்செட்டியிலிருந்து திரும்பும் பஸ் காலை ஏழு மணிக்கு மட்டுமே. கம்பளி, குடிநீர், சில்லறை தேவை. வண்டிக்காரர் திரும்பவேண்டும் என்றால், காரணத்தைக் கேளுங்கள். எழுதிய தாளைக் காட்டாதீர்கள். திருவிழா நாளில் ஊருக்குள் நுழையுமுன் எவர் எவருக்கு என்ன கட்டு என்று விசாரியுங்கள்.

இதை அஞ்செட்டியில், மாதப்பன் வீட்டு வாசலில் கவிழ்த்துப்போட்ட வண்டிப் பலகையில் அமர்ந்து எழுதுகிறேன். உள்ளே பிள்ளை அழுகிறது. ஆறு நாள் விடுப்பை மீறியதற்கு மருத்துவச் சான்று ஒன்று வாங்கிக்கொள்வது எங்கள் அலுவலக வழக்கம். தேன்கனிக்கோட்டையில் எளிதாகக் கிடைக்கும். நான் அதை வாங்கப் போவதில்லை. வெளிச்சம் இருக்கும்போதே வேறொரு தாளை எடுத்து, ‘காரணம்’ என்னும் கட்டத்தில், ‘நாட்றாம்பாளையம் மாரியம்மன் காப்பு, என் பிழையின் பொருட்டு’ என்று எழுதி, கையொப்பமிடப் போகிறேன்.