எண்ணெய்மேல் பூசிய சிமெண்ட்

செல்வம் அண்ணே, உன் சாவுக்கு நீ காரணமில்லை.

கொச்சி மட்டாஞ்சேரியில் அண்ணன் மெக்கானிக்காக இருந்த லாரி ஷெட்டில், ஆயுதபூஜைக்காகத் தரைப் பொத்தல்களை எண்ணெய்க் கறையோடு சிமெண்டால் மூடினார் முதலாளி. அதன்மேல் அண்ணன் ஜாக்கி வைத்து லாரியைத் தூக்க, அது நொறுங்கி ஜாக்கி சரிந்தது. லாரி அண்ணன்மேல் இறங்கியது.

“அவன் தரையை நோக்காம ஜாக்கி வெச்சான்,” என்றார் மலையாளி முதலாளி.

நான் கொத்தனாருக்குச் சித்தாள். காரியம் முடிந்ததும் போய், டிரைவர்கள் முன்னால் தரையைத் தட்டினேன். உள்ளே பிடிப்பில்லாத பொள்ளல் சத்தம். உளி வைத்ததும் அப்பளமாகப் பெயர்ந்தது. அடியில் கறுப்பு எண்ணெய்.

“இப்ப நோக்குங்க முதலாளி!”

“மூடிடு மோளே, ஆளுங்க பாக்குறாங்க.”

“பாக்கட்டும்! நீங்க மூடித்தானே எங்கண்ணன் போனான்?”

அன்றே லாரிகள் வேறு ஷெட்டுக்குக் கிளம்பிவிட்டன. எனக்கு அது போதவில்லை.

இப்போது எண்ணெய் ஊறிய தரையைக் கொத்தியெடுக்காமல் நான் கலவை தொடுவதில்லை. செல்வம் அண்ணனுக்காக எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள். அந்த முதலாளிக்காக வேண்டாம்.