சுத்தமான வாக்குமூலம்

நாற்பதுகளில் பம்பாயில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். கைதி சொல்வதை இங்கிலீஷிலும், மாஜிஸ்திரேட் கேட்பதைத் தமிழிலும் சொல்ல வேண்டும். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது.

ஒரு மத்தியானம், தாராவியில் ஒரு தோல் கிடங்கில் திருடியதாக ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தோல் பதனிடும் தொழிலாளி. நாற்பது வயதிருக்கும். ஆறு நாள் போலீஸ் காவலில் இருந்தவர், குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தயாராக இருக்கிறார் என்றார்கள். போலீஸாரிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் செல்லாது. மாஜிஸ்திரேட் முன்னால் சொல்ல வேண்டும். அவர் போலீஸாரை வெளியே அனுப்பினார். விலங்கைக் கழற்றிக் கதவைச் சாத்தினார்கள்.

ஊர் எது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"அம்பாசமுத்திரம் பக்கம்யா. இங்க வந்து பத்து வருசமாச்சு."

சோர்ந்த, சாதாரணக் குரல்.

"நீங்க ஒத்துக்கணும்னு கட்டாயம் இல்லை. சொன்னா அது உங்களுக்கு எதிராவே சாட்சியாகும்" என்று மாஜிஸ்திரேட்டின் எச்சரிக்கையைச் சொன்னேன்.

"சொல்லுதேன்" என்றார். பிறகு பார்வையைச் சுவரில் நிறுத்திக்கொண்டு தொடங்கினார்.

"அன்று மாலை எனக்குப் பசித்தது. கதவு திறந்திருந்தது. என் கை என் பேச்சைக் கேட்கவில்லை."

குரல் மாறிவிட்டது. அதில் ஊரும் இல்லை, ஆளும் இல்லை. இதே வரிகளை மூன்று வாரம் முன்பு இதே அறையில் மொழிபெயர்த்திருந்தேன். அப்போது சொன்னவர் வேறு ஆள்; அது தாதரில் ஜவுளிக் கடைத் திருட்டு. இவர் அடுத்த வரிக்கு வாயைத் திறக்குமுன்பே அதன் இங்கிலீஷ் என் நாக்கில் வந்து நின்றது. அந்த வரியையேதான் அவரும் சொன்னார்.

நான் நிறுத்திவிட்டேன். மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார்.

"இதை ஏற்கெனவே மொழிபெயர்த்திருக்கிறேன், வேறொருவருக்காக" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். வெளியே பூட்ஸ் சத்தம் நெருங்கிவந்து நின்றது. கதவின் அடி இடுக்கில் ஒரு நிழல் விழுந்தது. தொழிலாளியின் கால்விரல்கள் உள்ளே மடங்கின.

"ஒப்புக்கொள்ளாவிட்டாலும் போலீஸிடம் திருப்பி அனுப்ப மாட்டேன், ஜெயிலுக்குத்தான் அனுப்புவேன் என்று சொல்லுங்கள்" என்றார் மாஜிஸ்திரேட்.

சொன்னேன்.

"திரும்ப அங்க போவாண்டாமா?"

"வேண்டாம்."

"நெசமாவாய்யா?"

"நெஜமாத்தான்."

அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "அப்ப எனக்குச் சொல்ல ஒண்ணுமில்லய்யா. அது என் பேச்சில்ல. அவுக சொல்லிக்குடுத்தது. தப்பில்லாம சொல்லுத வரைக்கும் தூங்க விடல."

வேறு சாட்சியம் கிடைக்காமல் அவர் விடுதலையானார். முந்தைய ஆளுக்கு அதற்குள் தண்டனை ஆகியிருந்தது. மாஜிஸ்திரேட் அவருக்காக மேலிடத்துக்கு எழுதினார். பதில் வந்ததாகக் கேள்விப்படவில்லை.

அந்த முந்தைய ஆள் அதே வரிகளைச் சொன்ன அன்று எனக்கு எதுவும் தோன்றவில்லை. வாக்கியங்கள் சுத்தமாக இருக்கின்றன, வேலை சுலபமாக முடிந்தது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே வீடு திரும்பினேன்.